லேண்டிங் லைட் எரியவில்லை, கிளம்பலாமா?

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குப் படித்தபோது, விமானம் ஓட்டுவதைவிட எஃப்.ஏ.ஏ. (அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம்) விதிகள்தான் என்னை அதிகம் மலைக்க வைத்தன. பார்ட் 61 லைசென்ஸ் பற்றியது, பார்ட் 91 பறப்பது பற்றியது என்று பிடிபட்டதும் பாதிக் குழப்பம் போனது. மீதியைத் தீர்த்தது பயிற்சியாளர் கேட்ட ஒரு கேள்வி.

"இந்த செஸ்னா 172-இல் லேண்டிங் லைட் எரியவில்லை. பகலில் கிளம்பலாமா?"

விமானத்தில் எந்தெந்தக் கருவிகள் கட்டாயம் என்று சொல்லும் 91.205-ஐப் புரட்டினேன். பகல் பட்டியலில் லேண்டிங் லைட்டே இல்லை. இரவுப் பட்டியலில்கூட, காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால்தான் அது கட்டாயம். சரி, போகலாம் என்று அங்கேயே நிறுத்த முடியாது. எம்.இ.எல். (எவையெல்லாம் பழுதானாலும் பறக்கலாம் என்று அந்த விமானத்துக்கு ஒப்புதல் பெற்ற பட்டியல்) இல்லாத சின்ன விமானம் என்றால் அடுத்து, பழுதான கருவிகளைப் பற்றிய 91.213 இருக்கிறது. விமானத்தின் உபகரணப் பட்டியல் அந்த விளக்கைக் கட்டாயம் என்கிறதா, ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ் (எஃப்.ஏ.ஏ.வின் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) ஏதாவது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவும் கேட்கவில்லை என்றால் அதைக் கழற்ற வேண்டும். அல்லது செயலிழக்கச் செய்து 'இன்ஆபரேட்டிவ்' (வேலை செய்யாது) என்று எழுதி ஒட்ட வேண்டும். அப்புறம், அது இல்லாமல் பறப்பதில் ஆபத்தில்லை என்று தகுதியுள்ள பைலட்டோ மெக்கானிக்கோ முடிவு செய்ய வேண்டும். ஒரு பல்புக்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு படியும் ஏன் இருக்கிறது என்று யோசித்தால் நியாயம் புரியும்.

அன்று முதல் எண் வரிசையில் படிப்பதை விட்டுவிட்டேன். கேள்வியாக்கிக்கொண்டு படித்தேன். ஃப்யூவல் கேஜ் வேலை செய்யவில்லை என்றால்? போகக் கூடாது, அது 91.205-இன் பகல் பட்டியலிலேயே இருக்கிறது. இன்று இரவு நண்பரை ஏற்றிச் செல்லலாமா? 61.57-இன்படி கடந்த 90 நாளில் 3 முறை கிளம்பி, முழுதாக நிற்கும்படி 3 முறை இறங்கியிருக்க வேண்டும். அதுவும் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரையுள்ள இருட்டில். எரிபொருள்? வி.எஃப்.ஆர். பயணத்தில் (வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின்படி பறப்பது) போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் 30 நிமிடத்துக்கு, இரவில் 45 நிமிடத்துக்கு மிச்சம் இருக்கும்படி திட்டமிட வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்தவையும் இப்படிப்பட்ட சூழ்நிலைக் கேள்விகள்தான். படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இ.சி.எஃப்.ஆர். என்ற அமெரிக்க அரசின் விதித்தொகுப்பு இணையதளத்தில் நடப்பு விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கையில் இருக்கும் பழைய புத்தகத்தை அதோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.