நடுவில் நிற்கும் தண்ணீர்: கேமராவோடு டைவிங் போகிறவர்களுக்கு

கடலுக்கடியில் எடுக்கும் முதல் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீலமும் சாம்பலும் கலந்த மங்கல், தூரத்தில் ஒரு மீனின் வால், படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். கேமரா சரியில்லை என்று விலை கூடியதை வாங்கினாலும் அதே படம்தான் வரும். ஏனென்றால் குறை கேமராவில் இல்லை, கேமராவுக்கும் மீனுக்கும் நடுவில் நிற்கும் தண்ணீரில் இருக்கிறது. காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியான அந்தத் தண்ணீர் வெளிச்சத்தைக் குறைக்கிறது, நிறத்தை உறிஞ்சுகிறது, துகள்களையும் சுமக்கிறது. அதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு படம் தெளியும். கருவி வாங்கும்போதும் சரி, நீரில் நிற்கும்போதும் சரி, இந்த ஒன்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நெருங்கிப் போக வேண்டுமென்றால் முதலில் அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும். ஆகவே டைவிங்கின் அடிப்படைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் கைக்கு வந்ததுமே கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம். மேலே ஏறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பின் 3 நிமிடமும், கயிற்றைப் பிடிக்காமல், கையை வீசாமல், அரை மீட்டர்கூட ஏறி இறங்காமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் கேமரா எடுக்கலாம். கேமரா வந்துவிட்டால் இரண்டு கைகளும் அதற்கே போய்விடும், கண் திரையிலேயே இருக்கும். காற்று அளவும் ஆழமும் கூட வந்தவரும் மறந்துபோகும். நாலு படத்துக்கு ஒருமுறை காற்றையும் ஆழத்தையும் காட்டும் கேஜைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். துடுப்பை மேலும் கீழும் அடிக்காமல் தவளைபோல் பக்கவாட்டில் உதையுங்கள். இல்லாவிட்டால் கிளம்பும் மணல் உங்கள் படத்தை மட்டுமல்ல, பின்னால் வருகிறவர் படத்தையும் கெடுக்கும்.

எந்தக் கேமரா? கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமரா அகலமான காட்சிக்கும் வீடியோவுக்கும் நல்லது. ஆனால் சுமார் 30 சென்டிமீட்டருக்குள் வந்தால் படம் தெளிவாக விழாது, அதனால் சிறிய உயிர்களுக்கு ஆகாது. லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் அவற்றுக்கான ஹவுசிங் (தண்ணீர் புகாத கெட்டி உறை) பல சமயம் கேமராவைவிட விலை அதிகம், லென்ஸ் மாற்றினால் முன்கண்ணாடியான போர்ட்டையும் மாற்ற வேண்டியிருக்கும், பயணப் பெட்டியும் கனக்கும். தொடங்குகிறவர்களுக்கு ஹவுசிங்கோடு கூடிய காம்பாக்ட் (லென்ஸ் மாற்ற முடியாத சிறிய) கேமராவே சரி என்பது என் முடிவு. ஒலிம்பஸ் டிஜி-6 ஓர் உதாரணம். அது ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் தாங்கும், லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில்கூட ஃபோகஸ் செய்யும். 15 மீட்டர்தான் தாங்குமே என்று வெறும் கேமராவோடு இறங்காதீர்கள். ஓப்பன் வாட்டர் டைவே 18 மீட்டர் வரை போகிறது. பேட்டரிக் கதவின் ரப்பரில் ஒரு மணல் துகள் சிக்கினால் 2 மீட்டரிலேயே தண்ணீர் புகும். பெரும்பாலான ஹவுசிங்குகள் குறிப்பிட்ட மாடலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், ஹவுசிங் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேமராவை வாங்குங்கள்.

தட்டையான போர்ட் வழியே ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வரும்போது வளைகிறது. பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், லென்ஸின் பார்வைக் கோணம் சுமார் கால் பங்கு சுருங்கும். சிறிய உயிருக்கு இது உதவி. பெரிய பவளப்பாறையையோ ஆமையையோ எடுக்க வேண்டுமென்றால் பின்னால் நகர வேண்டிவரும், நடுவில் தண்ணீர் கூடிவிடும். இதற்காகத்தான் ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் அகலக்கோண வெட் லென்ஸ் இருக்கிறது. நீருக்குள் போனதும் அதை ஒருமுறை கழற்றி மாட்டி, போர்ட்டுக்கும் அதற்கும் நடுவே சிக்கிய காற்றுக் குமிழியை வெளியேற்றுங்கள். மறந்தால் எல்லாப் படத்திலும் ஒரு மங்கல் வட்டம் விழும்.

இனி ஓ-ரிங். ஹவுசிங்கின் உயிர் இந்த ரப்பர் வளையத்தில்தான். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, 20 மீட்டரில் மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்கு. அந்த அழுத்தமே கதவை வளையத்தின்மேல் இறுக்குகிறது. அதனால் ஒழுகுவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில மீட்டரிலேயே ஒழுகும். காரணம் பெரிதாக எதுவும் இருக்காது: ஒரு தலைமுடி, ஒரு துண்டின் நூல், ஒரு மணல்.

இந்த வேலையை ஆடும் படகில் செய்யக்கூடாது. முந்தின இரவு, நல்ல வெளிச்சத்தில், கைகழுவிவிட்டு உட்காருங்கள். வளையத்தை ஊசியாலோ கத்தியாலோ நெம்பாமல், இரு பக்கமும் விரலால் தள்ளினால் ஓரிடத்தில் மேலெழும். அங்கே பிடித்து எடுங்கள். நூல் உதிராத துணியால் பள்ளத்தைத் துடையுங்கள், பஞ்சு வேண்டாம். வளையத்தை விரல்களுக்கிடையே மெதுவாக உருவினால் கண்ணுக்குத் தப்பிய வெட்டும் துகளும் தட்டுப்படும். பிறகு கிரீஸ். தண்ணீரைத் தடுப்பது கிரீஸ் அல்ல, ரப்பர்தான். வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரத்தான் கிரீஸ் தேவை. மேற்பரப்பு மினுமினுத்தால் போதும், திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதிகம். அதிக கிரீஸ் மணலைப் பிடித்து வைக்கும். ஹவுசிங்கோடு வந்த கிரீஸையே பூசுங்கள், சிலிக்கான் வளையத்துக்குப் பொருந்தாத சிலிக்கான் கிரீஸ் பூசினால் வளையமே ஊதிவிடும்.

மூடும் முன் பேட்டரி, மெமரி கார்டு, கழற்றப்பட்ட லென்ஸ் மூடி மூன்றையும் பாருங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை வளையத்தைத் தொடாத இடத்தில் செருகுங்கள். ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடினால், குளிர்ந்த நீரில் போர்ட்டின் உட்புறம் பனிபடியும். ஏசி அறையின் உலர்ந்த காற்றில் மூடுவதே நல்லது. மூடியதும் எல்லாப் பொத்தானையும் அழுத்தி ஒரு படம் எடுங்கள். புது ஹவுசிங்காக இருந்தால் முதல் டைவுக்குக் கேமராவே வேண்டாம். காலியாக மிதக்குமென்பதால் ஓர் எடைக்கட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, மேலே டிஷ்யூ காகிதமும் வைத்து இறக்குங்கள். காகிதம் நனையாமல் திரும்பினால் அடுத்த டைவில் கேமராவை நம்பி வைக்கலாம்.

படகில் வெயில் படாமல் ஈரத்துணி போர்த்தி வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு குதிக்க வேண்டாம், நீங்கள் இறங்கியபின் படகிலிருப்பவர் நீட்டட்டும். மேற்பரப்பிலேயே அரை நிமிடம் மூழ்கடித்துக் கவனியுங்கள். இடுக்குகளில் ஒட்டிய குமிழிகள் சீக்கிரம் நின்றுவிடும். ஓரிடத்திலிருந்து சரமாக வந்துகொண்டே இருந்தால் ஒழுகுகிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆழத்தில் உள்ளே நீர் தெரிந்தால் போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், தண்ணீர் கேமராவின் பின்புறத்தை எட்டாமல் கண்ணாடிப் பக்கம் தேங்கும். டைவை முடித்துக்கொண்டு வழக்கமான வேகத்திலேயே, சேஃப்டி ஸ்டாப்போடு மேலே வாருங்கள். கேமராவுக்காக அவசரமாக ஏறுவது உயிரோடு விளையாடுவது.

நிறத்தில் முதலில் போவது சிவப்பு. 5 மீட்டரிலேயே பெரும்பகுதி மறைந்துவிடும், அதன்பின் ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஆழத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒளி கடந்தது 7 மீட்டர் தண்ணீர். ஸ்ட்ரோப் (ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் ஃபிளாஷ்) இல்லாதவர்கள் சூரியனை முதுகுப்புறம் வைத்து, வெள்ளைப் பலகையையோ வெள்ளை மணலையோ காட்டி எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸைக் கையால் அமைக்க வேண்டும், ஆழம் சில மீட்டர் மாறும்போதெல்லாம் மறுபடியும். சிவப்பு ஃபில்டரும் உதவும், ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும், ஃபிளாஷோடு சேர்த்தால் எல்லாம் சிவந்துவிடும். எப்படியானாலும் சுருக்காத ரா (RAW) ஃபைலாக எடுங்கள், பின்னால் நிறத்தைத் திருத்த இடமிருக்கும்.

நிறத்தை முழுதாக மீட்க வழி, வெளிச்சத்தைக் கூடவே கொண்டுபோவதுதான். 1926-ல் அமெரிக்காவின் ட்ரை டோர்ட்டுகாஸ் கடலில் வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் நீருக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, மிதவையின்மேல் மக்னீசியம் பொடியைக் கொளுத்தினார்கள். இன்று அந்த வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஸ்ட்ரோப் செய்கிறது. ஆனால் அதன் ஒளியும் தண்ணீரைக் கடந்துதான் போய்த் திரும்புகிறது. ஒரு மீட்டருக்கு அப்பால் அதன் நிறம் வெளுக்கத் தொடங்கும்.

வெள்ளைப் பொட்டுகள் வருவதும் நடுவில் நிற்கும் தண்ணீரால்தான். பனிமூட்டத்தில் ஹெட்லைட்டைப் போட்டதுபோல, லென்ஸுக்குப் பக்கத்திலிருக்கும் ஃபிளாஷ் நடுவிலுள்ள துகள்களை நேராக அறைந்து ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஸ்ட்ரோபை ஹவுசிங்கோடு இணையும் ஆர்ம் என்ற தண்டில் பூட்டிப் பக்கவாட்டில் தள்ளுங்கள், போர்ட்டின் தளத்துக்குச் சற்றுப் பின்னாலேயே நிற்கட்டும். ஸ்ட்ரோபின் முகத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒளிக்கூம்பின் நடுப்பகுதி வேண்டாம், விளிம்பு மட்டும் மீனைத் தொட்டால் போதும், நடுத் தண்ணீர் இருட்டாகவே இருக்கும். காம்பாக்டின் உள் ஃபிளாஷை மறைத்து, ஒளியைக் கடத்தும் ஃபைபர் கேபிள் வழியாக ஸ்ட்ரோபை இயக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்ட்ரோப் மின்னவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கேபிளின் இரு முனைகளை.

சிறிய உயிருக்குத் தொடக்கமாக ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100 அல்லது 200, ஷட்டர் 1/160 நொடி, லென்ஸின் துளை அளவு காம்பாக்டில் எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை, பெரிய சென்சாரில் எஃப் 11. அகலக் காட்சிக்கு ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/125, எஃப் 8. முன்னாலிருப்பதன் வெளிச்சத்தை ஸ்ட்ரோபின் அளவால் கட்டுப்படுத்துங்கள், பின்னணி நீலத்தை ஷட்டரால். நீலம் கறுத்துப்போனால் 1/60 வரை இறக்கலாம், மீனின் வெளிச்சம் பெரிதாக மாறாது. திரையை மட்டும் நம்பாதீர்கள். சுற்றிலும் மங்கலாக இருப்பதால் இருண்ட படமும் பளிச்சென்று தெரியும், படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

மீனைத் துரத்தினால் வால்தான் கிடைக்கும். அது போகும் வழியில் நின்று, மெதுவாக மூச்சுவிட்டுக் காத்திருங்கள், பல மீன்கள் தாமே திரும்பி வரும். அதன் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இறங்கி, கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். மேலிருந்து எடுத்தால் மீன் பாறையோடு கலந்துவிடும். பவளத்தின்மேல் முழங்கை ஊன்றித்தான் எடுக்க முடியுமென்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த கிளை ஒரு நொடியில் ஒடியும்.

மேலே வந்ததும் உப்பு காயும் முன் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அழுத்துங்கள். காய்ந்த உப்புப் படிகம் பொத்தானின் உள்வளையத்தை அறுக்கும். எல்லோர் கேமராவும் மோதிக்கொள்ளும் பொதுத் தொட்டியில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தலைமுடியும் கையும் உலர்ந்தபிறகு, கதவு கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறவுங்கள், தங்கிய துளி வெளியே விழும். ஊர் திரும்ப விமானம் ஏறும்போது முதன்மை ஓ-ரிங்கைக் கழற்றித் தனிப் பையில் வையுங்கள், விமானத்தில் அழுத்தம் மாறும்போது மூடிய ஹவுசிங் திணறும். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை.