கணப்புக்குள் ஒரு கரி அடுப்பு

2024 செப்டம்பர் 21

வில்க்ஸ்-பேரிக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் செங்கல் கணப்பு ஒன்று இருக்கிறது. விறகு எரித்தால் அறையில் இருந்த சூடும் சேர்ந்து புகைபோக்கி வழியே போய்விடுகிறது. வடகிழக்குப் பென்சில்வேனியா ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி விளையும் மண். 1808 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் வெறும் இரும்புத் தட்டியில் அந்தக் கரியை எரித்துக் காட்டியதும் இதே ஊரில்தான். அதனால் பழைய கரி அடுப்பு ஒன்று வாங்கிவிட்டோம்.

செப்டம்பர் 28

அடுப்பின் 6 அங்குலக் குழாயைக் கணப்பின் தொண்டைக்குள் நீட்டிவிட்டால் போதும் என்றார் விற்றவர். நானும் அப்படியே செய்யத்தான் இருந்தேன். நல்ல வேளை, புகைபோக்கி சுத்தம் செய்பவரை முதலில் கூப்பிட்டோம். கேமராவை உள்ளே இறக்கிக் காட்டினார். புகைபோக்கியின் உட்புறத்திலுள்ள சுட்ட மண் குழாயில் இரண்டு இடத்தில் விரிசல். உள்ளளவோ ஓரடிக்கு ஓரடி, அதாவது அடுப்புக் குழாயைப் போல ஐந்து மடங்கு. அவ்வளவு பெரிய கூட்டில் வாயு பரவிக் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் இழுவை, அதாவது வாயுவை மேலே இழுக்கும் விசை, போய்விடும். விறகுப் புகையாவது கண்ணைக் கரித்து எழுப்பிவிடும். ஆந்த்ரசைட்டில் புகையே கிடையாது. வீட்டுக்குள் திரும்புவது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பிள்ளைகள் தூங்கும் அறை நேர் மேலே.

அக்டோபர் 12

316 தர எஃகு லைனரில் (புகைபோக்கிக்குள் போடும் உட்குழாய்) செராமிக் கம்பளி சுற்றிக் கூரையிலிருந்து இறக்கினார்கள். கணப்புத் தொண்டையை மூடித் திறக்கும் பழைய டாம்பர் தகட்டைக் கழற்றி, அந்த வாயை இரும்புத் தகடு வெட்டி அடைத்தார்கள். அடுப்புக் குழாயின் ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று திருகு. செலவு அடுப்பின் விலையைத் தாண்டிவிட்டது, வருத்தமில்லை. அவர்கள் போனபின் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தித் தகட்டின் ஓரமெல்லாம் காட்டினேன். மூன்று பக்கம் புகை நேராக நின்றது. இடது மூலையில் மட்டும் இழை வளைந்து இடுக்குக்குள் போனது. நாளை வந்து அடைத்துத் தருகிறார்கள்.

அக்டோபர் 13

இடுக்கு அடைந்தது. ஊரிலிருந்து அம்மா போனில், “கரி அடுப்பை மூட்டிட்டுக் கதவைச் சாத்திடாதேப்பா” என்றாள். லைனரை விளக்கிச் சொன்னேன். “சரி, இருந்தாலும்…” என்றாள். படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்றும் கூடத்தில் ஒன்றுமாகக் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டினேன்.

அக்டோபர் 26

முதல் தீ. சுள்ளி விறகு தணலானதும் ‘நட்’ எனப்படும் சிறு துண்டு அளவுக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். ஆந்த்ரசைட்டுக்குக் காற்று அடியிலிருந்து தட்டி வழியாக வர வேண்டும். மேல்காற்று மட்டும் போதாது. புதுக் கரியால் தணல் முழுவதையும் மூடக் கூடாது. ஒரு மூலையாவது சிவந்து தெரிந்தால்தான் கிளம்பும் வாயு உடனே பற்றும். இல்லாவிட்டால் தேங்கி, ஒரேயடியாக வெடித்துப் பற்றும். பத்து நிமிடத்தில் அந்தச் சிவப்பு மூலையிலிருந்து நீலச் சுடர்கள் கரி மேல் தவழ்ந்து பரவின. இழுவையை அளக்கும் மானியில் 0.05 அங்குல நீரழுத்தம். அலாரம் இரண்டிலும் பூஜ்யம்.

நவம்பர் 9

காலை, மாலை இரண்டு வேளையும் சாம்பல் தட்டுவது பழகிவிட்டது. மூடியுள்ள தகர வாளியில் அள்ளி வெளியே கல் மேல் வைக்கிறேன். உள்ளே கங்கு நெடுநேரம் உயிரோடிருக்கும். மே மாதம் அடுப்பை நிறுத்தியதும் குழாய், லைனர் இரண்டையும் துடைத்தாக வேண்டும். சாம்பலில் இருக்கும் கந்தகம் கோடை ஈரத்தில் அமிலமாகி எஃகை அரிக்கும். சுத்தம் செய்பவரிடம் இப்போதே தேதி வாங்கியாயிற்று.