இன்னும் மெயில் வரவில்லை

மார்ச் 3
ஜெர்மனி போவதற்கான மெயில் இன்றும் இல்லை.

மார்ச் 5
இஸ்தோப்பில் வெற்றிலை இடித்தபடி அப்பாயி மறுபடி கேட்டது: "இத்தன நாடு இருக்க, ஏன் தம்பி ஜெர்மனி?" சம்பளத்தோடு ஆராய்ச்சி இடம் தந்தது அவர்கள்தான் என்றேன். "அப்ப நீயாப் பாத்துப் புடிச்சது இல்ல."

மார்ச் 8
இரவு முழுக்க, யூத இயற்பியலாளர் மக்ஸ் போர்ன் பற்றிப் படித்தேன். ஹிட்லர் அரசின் 1933 ஏப்ரல் 7ஆம் தேதிச் சட்டம் யூதப் பேராசிரியர்களை வெளியே தள்ளியது. நான் போகத் துடிக்கும் அதே நாட்டில்தான். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை விட்ட போர்னுக்குக் கேம்பிரிட்ஜில் தற்காலிக வேலை. அப்புறம் சி. வி. ராமன் அழைத்து பெங்களூர். அங்கேயே இருத்திக்கொள்ள ராமன் பார்த்தார், நடக்கவில்லை. மாஸ்கோவுக்கு ரஷ்ய இயற்பியலாளர் கபீட்சா கூப்பிட, போர்ன் ரஷ்ய மொழிகூடப் படிக்கத் தொடங்கிவிட்டார்! அதற்குள் எடின்பரோவில் பதவி காலியானது. 1936இல் அங்கே போய்விட்டார். ஸ்காட்லாந்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

துருக்கியும் அப்படித்தான். அதிபர் அதாதுர்க் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார், ஆள் தேவை. சூரிச்சுக்குத் தப்பியிருந்த மருத்துவர் ஃபிலிப் ஷ்வார்ட்ஸ் 1933 ஜூலையில் போய்ப் பேசி, வேலை போன பேராசிரியர்களுக்கு இடம் வாங்கினார். இஸ்தான்புல்லில் பாடம் நடத்தும்போது பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நிற்பாராம்.

மார்ச் 9
ஸ்பாமிலும் இல்லை.

மார்ச் 13
பெர்லினில் வேலை பார்த்த, யூதக் குடும்பத்தில் பிறந்த இயற்பியலாளர் லீசே மைட்னர் ஆஸ்திரியக் குடிமகள். அதனால் 1933இல் கற்பிக்கும் உரிமை போனாலும் ஆய்வுகூட வேலை தப்பியது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவையே ஜெர்மனி விழுங்கிவிட்டது. பாஸ்போர்ட் செல்லாது. ஜூலையில், அறுபதை நெருங்கும் வயதில், ரயிலேறி நெதர்லாந்து, பிறகு ஸ்டாக்ஹோம். எல்லையில் மாட்டினால் கொடுக்க, கூட ஆராய்ச்சி செய்த ஓட்டோ ஹான் தந்த வைர மோதிரம் கையில்.

அலுமாரியைத் திறந்து என் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். சும்மாதான்.

மார்ச் 14
சரி, அப்பாயியிடமே கேட்டுவிட்டேன். சின்னப்பாட்டி மட்டும் ஏன் இந்தியாவுக்கு? 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில், தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே இலங்கையில் என்று இரண்டு அரசும் கணக்குப் போட்டதைப் படித்திருக்கிறேன். அப்பாயிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "அவ வீட்டுக்காரரு பாரத்துல கையெழுத்து வச்சிட்டாரு. அவளக் கேட்டாங்களா? தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினா. கோத்தகிரியில அதே தேயிலக் கொழுந்துதான்." பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தது, விளக்கை ஏன் அணைக்கவில்லை என்று.

மார்ச் 17
மழை. கொழுந்து நிறுவை தாமதம், அம்மா இருட்டிய பிறகுதான் வந்தார்.

மார்ச் 20
மெயில்! பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாம், திருத்தி அனுப்ப வேண்டுமாம். நாளை கச்சேரி அலுவலகத்துக்கு முதல் பஸ்ஸில் போக வேண்டும்.