ஐ.எஃப்.எஸ். என்றால் காடு இல்லை: ஒரு மூன்றாமாண்டு மாணவியின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2025

இந்த செமஸ்டரில் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு, விசாரித்து, பத்துப் பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இணையத்தில் இருப்பதை அள்ளிக் கொட்டக் கூடாது, அந்த வேலையோடு தொடர்புள்ள இரண்டு பேரிடமாவது பேசியிருக்க வேண்டும் என்று மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் வகுப்பில் 42 பேர். வி.ஏ.ஓ.வுக்கு 11 பேர், பேங்க்குக்கு 9 பேர். நான் எழுந்து ஐ.எஃப்.எஸ். என்றேன். "புலியெல்லாம் எண்ணணுமே!" என்று பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. அவர்கள் மேல் தப்பில்லை. வனப் பணிக்கும் வெளியுறவுப் பணிக்கும் அதே மூன்று எழுத்துதான். நான் சொன்னது தூதரகங்களில் வேலை பார்க்கும் இரண்டாவதை. ராத்திரி போனில் சொன்னபோது அம்மாவும் "முதுமலைக்கா போடுவாங்க?" என்றுதான் கேட்டார்.

ஆகஸ்ட் 9

நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பாதி மேஜைகளில் யு.பி.எஸ்.சி. கூட்டம். யாரும் தலை நிமிர்வதில்லை.

எண்களை எழுதி வைக்கிறேன். 2023 தேர்வில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர், வெளியுறவுப் பணிக்கு 37 இடம். 2024 தேர்வில் 1,009 பேர், 55 இடம். இதற்கென்று தனித் தேர்வு கிடையாது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். எழுதும் அதே தேர்வு, விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். மெயின்ஸ் 1,750, நேர்முகம் 275, ஆக மொத்தம் 2,025. வருஷமும் 2025 என்பதால் இதை மட்டும் மறக்க மாட்டேன். மெயின்ஸைத் தமிழிலேயே எழுதலாம் என்று படித்ததும் பக்கத்து மேஜை அக்காவிடம் கேட்டேன். "எழுதலாம், புத்தகம் கிடைக்கணுமே" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு கோச்சிங் சென்டரில் ஏறி விசாரித்தேன். ஐ.எஃப்.எஸ். பற்றிக் கேட்டால் பீஸ் அட்டையை நீட்டினார்கள். இரண்டாம் முறை கேட்டேன், தவணையிலும் கட்டலாம் என்றார்கள். இறங்கி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23

முத்தம்மா என்ற பெயரை இன்றைக்குத்தான் முதல்முறை கேள்விப்படுகிறேன். வரலாறு படிக்கிற எனக்கே இந்த லட்சணம். குடகு விராஜ்பேட்டையில் பிறந்தவர், படித்தது சென்னையில், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். 1970இல் ஹங்கேரிக்குத் தூதர்.

அந்தக் காலத்து விதிகளைப் படித்தால் வயிறு எரிகிறது. பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பால் வேலை கெடுகிறது என்று அரசு நினைத்தால் கல்யாணத்துக்குப் பிறகு ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஏற்கெனவே கல்யாணம் ஆனவளென்றால் இந்தப் பணியை உரிமையாகக் கேட்க முடியாது. ஆண்களுக்கு இப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு. அதற்குள் அரசு அவசர அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது, விதிகளையும் திருத்துகிறோம் என்றது. அதனால் மனு தள்ளுபடி. ஆனால் மனுவைத்தான் தள்ளுகிறோம், பிரச்சினையை அல்ல என்ற பொருளில் நீதிபதி எழுதி வைத்தார். தோற்ற மாதிரியும் இருக்கிறது, ஜெயித்த மாதிரியும் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "இப்பவும் கேக்குறாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப கல்யாணம் பண்ணிட்டே போ" என்று ஆரம்பித்தார், போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 6

மேடத்துக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி முக்கால் மணி நேரம் போனில் பேசினார். பெயர் போட வேண்டாம் என்றார்.

முசோரியில் எல்லாரோடும் அடிப்படைப் பயிற்சி. அப்புறம் டெல்லியில் வெளியுறவுப் பயிற்சி நிறுவனம். 1986இல் தொடங்கியது, 2020இலிருந்து சுஷ்மா ஸ்வராஜ் பெயர். பிறகு ஆளுக்கொரு அயல்மொழி கட்டாயம். அரபி என்றால் கெய்ரோ போல, அந்த மொழி பேசும் ஊருக்கே அனுப்பிப் படிக்க வைப்பார்கள். வெளியுறவுப் பணியில் இருந்து பிறகு அமைச்சரான ஜெய்சங்கர் ரஷ்ய மொழி படித்ததும் முதல் பணியில் மாஸ்கோவில் இருந்தபோதுதான். மூன்றாம் செயலாளராகப் போகிறவர் மொழித் தேர்வில் தேறும்வரை பணி நிரந்தரம் ஆகாது.

நான் ஐ.நா. சபை, பேச்சுவார்த்தை, கைகுலுக்கல் என்று கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். அவர் பாதி நேரம் பெட்டிகளைப் பற்றிப் பேசினார். அமைச்சர் குழு வந்தால் யார் எந்தக் காரில் ஏறுவது, எத்தனை பெட்டி இறங்கியது, எத்தனை ஹோட்டல் போய்ச் சேர்ந்தது. "ஒரு பெட்டி குறைஞ்சா ஒப்பந்தமே குறைஞ்ச மாதிரி ஆயிடும்மா." இன்னொன்றும் சொன்னார்: ஒரு கூட்டறிக்கையில் ஒரே ஒரு வார்த்தைக்காக ராத்திரி ஒரு மணி வரை இரண்டு தரப்பும் உட்கார்ந்திருந்தார்களாம். எந்த வார்த்தை என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் "எந்த ஊரும்மா?" என்றார். ராமேஸ்வரம் தீவில் மீனவர் ஊரான தங்கச்சிமடம் என்றேன். சிரித்தார். "அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்குற? உங்க தெருவுல கேட்டாலே பாதி தெரிஞ்சிருமே."

செப்டம்பர் 14

அந்த ஒரு வார்த்தை மண்டையைக் குடைந்துகொண்டே இருந்ததால் 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். எங்கள் ஊரில் மேடைக்கு மேடை அதைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவள். ஒரு வரிகூடப் படித்ததில்லை.

சின்ன ஒப்பந்தம்தான். 1974 ஜூன் கடைசியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டது. ஐந்தாம் பிரிவு: இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் "இதுவரை போலவே" கச்சத்தீவுக்கு வந்து போகலாம், பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது. "இதுவரை போலவே" என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டே சொல். நான் அதிலேயே அரை மணி நேரம் நின்றேன். இதுவரை என்ன செய்துகொண்டிருந்தோம்? அந்தோணியார் திருவிழாவுக்குப் போனோம். வலை காயப் போட்டோம். மீனும் பிடித்தோம். இதில் எதுவரை அந்த இரண்டு சொல்லுக்குள் வரும்? எழுதியவர்கள் வேண்டுமென்றே விட்டார்களா, ஒத்துவராமல் விட்டார்களா?

அப்புறம் 1976 மார்ச்சில் இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள், இங்கே கேவல் சிங், அங்கே ஜெயசிங்க, மாற்றிக்கொண்ட கடிதங்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது. இதில் குழப்பமே இல்லை, அத்தனை தெளிவு. ஒரு கடிதம்! கட்டுரைக்கு ஆள் தேடி அலைந்த எனக்கு அப்போதுதான் மாமா நினைவுக்கு வந்தார்.

செப்டம்பர் 27

காலை ரயிலில் ஊர். புதுப் பாம்பன் பாலத்தில் ஜன்னல் சீட்டுக்கு இன்னும் சண்டை நடக்கிறது.

மாமா வாசலில் உட்கார்ந்து வலைக் கண்ணைத் தைத்துக்கொண்டிருந்தார். 2018இல் விசைப்படகில் போனபோது பிடிபட்டு, ஊர்காவற்றுறை கோர்ட், அப்புறம் யாழ்ப்பாணம் ஜெயில், 40 நாள். அப்போது நான் எட்டாவது. வீட்டில் அழுதது மட்டும் நினைவிருக்கிறது. அங்கே அவரை யார் வந்து பார்த்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

"துணைத் தூதரகத்துல இருந்து ஒரு ஐயா வந்தாரு பாப்பா. சோப்பு, பல்பொடி, ஆளுக்கு ஒரு சாரம். அதெல்லாம் சரி. முதல்ல ஒரு பேப்பரை எடுத்தாரு. நாங்க 11 பேர். அதுல நாலு பேரு அந்தோணி." அதிகாரி நாலு அந்தோணிகளையும் வரிசையாக நிற்கவைத்து, அப்பா பெயர், தாத்தா பெயர், படகு நம்பர் என்று எழுதினாராம். அதற்கு முந்தைய பட்டியலில் மூன்று அந்தோணிதான் இருந்திருக்கிறார்கள். விட்டுப்போன நாலாவது ஆள் என் மாமா.

அந்தத் துணைத் தூதரகம் 2010இல்தான் யாழ்ப்பாணத்தில் வந்தது என்று நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அதுக்கு முன்னால பிடிபட்டவன் பாடு?" என்றார். கொழும்பிலிருந்துதான் ஆள் வந்திருக்க வேண்டும். மாமா ஊசியை மறுபடி கோத்தார்.

விடுதலையானதும் கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம். பாஸ்போர்ட்டே இல்லாதவருக்கு அவசரச் சான்றிதழ் என்று ஒரு தாள். அவர் வாழ்நாளில் ஏறிய ஒரே விமானம் அதுதான். போர்டிங் பாஸை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். மை மங்கிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பெயர் தெரிகிறது, அப்பா பெயரோடு.

அக்டோபர் 9

கட்டுரை கொடுத்தாயிற்று. 10 பக்கம் கேட்டதற்கு 14. 1946இல் இதே தேதியில்தான் வெளியுறவுப் பணி உருவானது என்று முதல் வரி. மேடம் அதைச் சிவப்பில் அடித்துவிட்டு, நாலு அந்தோணிகளில் இருந்து தொடங்கு என்று எழுதியிருக்கிறார். முதலில் கோபம் வந்தது.

எனக்கு 20 வயது, தேர்வு எழுத 21 ஆக வேண்டும். ஓ.பி.சி. என்பதால் 35 வரை நேரமும், 9 முயற்சியும். அதற்குள் அம்மா என்னை விட்டுவைத்தால்.

அக்டோபர் 12

மாமா போன் செய்தார். காற்று பலமாம், கடலுக்குப் போகவில்லை.

"பாஸானா உன்னை யாழ்ப்பாணத்துக்குப் போடுவாங்களா பாப்பா?"

அப்படிக் கேட்டு வாங்க முடியாது, எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள், மங்கோலியாவில்கூட நமக்குத் தூதரகம் இருக்கிறது என்றேன்.

"அங்க கடல் எப்படி?"

"கடலே கிடையாது மாமா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப அங்க யாரைப் போயிப் பாப்ப?" என்றார்.