பெயிண்டர் பாலத்தில் இருக்கிறார்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவர் ஓதம் ஏறிப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகெல்லாம் வெள்ளை. பெயிண்டர் டவுன்காரர். தீபாவளிக்குள் முடித்துவிடுவதாகச் சொன்னார். எந்தத் தீபாவளி என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

எப்போது போன் செய்தாலும், “பாலத்தில் வந்துகொண்டிருக்கிறேன் அண்ணாச்சி” என்பார். டவுனிலிருந்து பாளைக்கு வரத் தாமிரபரணியைத் தாண்டித்தானே ஆக வேண்டும், பொய்யென்று தள்ளவும் முடியாது. சுலோசன முதலியார் தம் கைப்பணத்தைப் போட்டு 1843-இல் கட்டி முடித்த பாலம். சனங்கள் ஆற்றைச் சட்டென்று கடக்கட்டும் என்று அவர் கட்டினார், பாவம். இவர் அதில் குடியேறிவிட்டார்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள், “அவர் ஃப்ளேக்கி, அப்பா” என்றாள். சொன்னால் சொன்னபடி வராத ஆளை அமெரிக்காவில் அப்படித்தான் சொல்வார்களாம். உதிர்கிற சுவருக்கும் அதே சொல். பேக்கரி பப்ஸுக்கும் அதேதான். அங்கே மட்டும் அது பாராட்டு.

அவள் வேலையிலும் ‘ஃப்ளேக்கி டெஸ்ட்’ உண்டாம். நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். அதே சோதனை காலையில் தேறும், மாலையில் தோற்கும். “எப்போதுமே தோற்றால் கோளாறைப் பிடித்துவிடலாம். நடுநடுவே தேறித் தொலைக்கிறதே, அதுதான் உயிரை எடுக்கிறது” என்றாள்.

இந்தப் பெயிண்டரை நாங்கள் ஏன் மாற்றவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரேயடியாக வராமலிருந்தால் வேறு ஆள் பார்த்திருப்போம். மனிதர் திடீரென்று ஒரு நாள் வந்துவிடுகிறார். உப்புத்தாளால் ஒரு முழம் தேய்த்து, பட்டி பூசி, “காய வேண்டும் அண்ணாச்சி” என்று காபி குடித்துவிட்டுப் போகிறார். அந்த ஒரு முழம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதைத் தடவிப் பார்த்தே என் மனைவி அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்கிறாள்.

போன வாரம் ராத்திரி வாசலில் சத்தம். வெள்ளை வேட்டி, கையில் தாம்பாளம், கூடவே அவர் மனைவி. மகளுக்குக் கல்யாணமாம்.

“முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு அண்ணாச்சி. மதினியைக் கூட்டிக்கொண்டு நேரத்தோடு வந்துவிட வேண்டும். எனக்கு நேரம் தவறினால் பிடிக்காது.”

பத்திரிகையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“என்ன அண்ணாச்சி, வீட்டை இப்படிப் போட்டுவைத்திருக்கிறீர்கள்? நல்ல ஆளாகப் பார்த்து வேலையைக் கொடுத்திருக்கலாமே.”