பத்துப் பேர் காதில் விழாமல்

வங்கிக் கவுன்டரில் உட்காருகிறவர்களுக்குப் பயிற்சியில் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்லக் கற்றுத் தருகிறார்கள். சிரிப்பெல்லாம் சரி. எதிரில் நிற்பவரின் கஷ்டம் பின்னால் நிற்கும் பத்துப் பேர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய மரியாதை என்று எனக்குப் படுகிறது.

2023 செப்டம்பரில் தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது இதை நன்றாகவே பார்த்தேன். மாதம் 1,000 ரூபாய். குறுஞ்செய்தி வந்தவர்களும் வராதவர்களும் பாஸ்புக்கோடு ஒரே வரிசையில். "எனக்கு ஏறிடுச்சா, கொஞ்சம் பாருங்க சார்." கேட்பவருக்குப் பின்னால் நிற்பது பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கு ஏறியிருக்கும். "உங்களுக்கு வரலைம்மா" என்று கண்ணாடித் தடுப்பைத் தாண்டிக் கேட்கிற மாதிரி சொன்னால், அவர் வீடு போய்ச் சேருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். எங்கள் காசாளர் அம்மா அப்படிச் சொல்லவே மாட்டார். பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து, கடைசி வரியின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, முன்னால் குனிந்து, "இன்னும் ஏறலை. இ-சேவை மையத்துல மேல்முறையீடு பண்ணலாம், கேட்டுப் பாருங்க" என்பார். அரை நிமிடம்கூட ஆகாது.

நவம்பர் வந்தால் ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்று, அதாவது லைஃப் சர்டிபிகேட். காலமெல்லாம் உழைத்துத் தேய்ந்த கைகள். ரேகை மெஷினில் விழாது. "உங்க விரல் சரியில்லையே" என்று இந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும். உடனே பெரியவர் விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல. "மெஷின் எடுக்க மாட்டேங்குது" என்று சொன்னால் போதும், குற்றம் மெஷின் தலையில் போய்விடும். 2021 முதல் முகத்தைப் படம் பிடித்தே சான்று கொடுக்கும் வசதி இருக்கிறது. அதற்கு ஆதார் விவரமும் நல்ல செல்போனும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். மூன்றாவதுதான் எங்களிடம் அடிக்கடி தீர்ந்துபோகிறது. (வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சர்வர் படுத்த நாளில் நாங்கள் வாங்கும் ஏச்சு தனிக் கதை.)

பேன்ட் போட்டவருக்கு 'சார்', அழுக்கு வேட்டிக்கு 'என்னப்பா, சொல்லு' என்பது இன்னமும் ஒழியவில்லை.

எங்கள் கிளையில் செக்யூரிட்டியாக இருந்தவர் முன்னாள் ராணுவக்காரர். எழுதத் தெரியாதவர்களுக்குச் சலான் எழுதிக் கொடுப்பது அவர் வேலையில் சேராது, ஆனாலும் எழுதுவார். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை மட்டும் காதோரம் கேட்பார். கைநாட்டு வைத்தவர்கள் மையை முன்பெல்லாம் தலைமுடியிலோ சுவரிலோதான் தேய்ப்பார்கள்; சுவரில் ஆள் உயரத்துக்கு நீலத் திட்டு இருந்தது. இவர் வீட்டிலிருந்து பழைய பனியன் துணி கொண்டுவந்து, நனைத்துப் பிழிந்து, ஸ்டாம்ப் பேடு பக்கத்தில் மடித்து வைத்தார். யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

ஒப்பந்தம் மாறி அவர் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு வாசலை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. சலான் எழுத ஆள் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறோம். இப்போதைக்குக் கூட்டம் அதிகமுள்ள காலை நேரத்தில் நாங்களே மாற்றி மாற்றி எழுதுகிறோம்.