வாடகை பேஸும் ஒரு சி ஷார்ப்பும்

இளையோர் ஆர்கெஸ்ட்ரா வெளிநாடு கிளம்பினால், கைவீசி நடக்கிற யோகம் ஆளுயரத் தந்திக் கருவியான டபுள் பேஸ் வாசிக்கிற எங்களுக்குத்தான். அதைவிடச் சிறிய செல்லோவுக்குத் தனி டிக்கெட் எடுத்து, பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைக்க வேண்டும். விமானத்தின் வறண்ட காற்றில் ஊதுகிற நாணல் ரீடு என்ன ஆகுமோ என்று ஓபோக் குழல்காரர்கள் வழிநெடுகப் புலம்புவார்கள். எங்களுக்கோ ஆளுக்கொரு வில், அதற்கொரு குழாய், அவ்வளவுதான். பேஸையும் டிம்பனி என்ற பெரிய முரசுகளையும் போகிற ஊரிலேயே வாடகைக்கு எடுத்துவிடுவார்கள்.

அந்த சுகத்துக்கெல்லாம் வியன்னாவில் இறங்கிய அன்றே வட்டி கட்டினோம். மற்றவர்கள் 71-ஆம் நம்பர் டிராம் ஏறி மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூவரும் அங்கே அக்கம்பக்கம். பேஸ் ஆட்கள் மட்டும் ஒத்திகைக் கூடத்தில், முன்பின் தெரியாத கருவிகளோடு.

எனக்கு வாய்த்தது ஐந்து தந்தி. நான் பழகியது நான்கு: ஜி, டி, ஏ, இ என்ற சுரங்களில் ஒலிப்பவை. இதில் இ-க்கும் கீழே இன்னொரு பி. தந்திகள் நெருக்கம் என்பதால் வில் லேசாகச் சாய்ந்தாலே பக்கத்துத் தந்தியும் சேர்ந்து உறுமுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை தந்தியின் நீளம். பேஸில் அரைச்சுரம் நகரவே விரல்கள் நன்றாக விரிய வேண்டும். நீளம் ஓரிரு சென்டிமீட்டர் மாறினால் போதும், கை மனப்பாடம் செய்து வைத்த இடமெல்லாம் பொய்யாகிவிடும்.

கூடவே வந்த வில் ஜெர்மன் வகை. ரம்பம் பிடிப்பதுபோல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். இந்த ஊரில் அதுதான் வழக்கம். மேலிருந்து பிடிக்கிற என் பிரெஞ்சு வில் குழாயில் பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன். டிம்பனிப் பையனுக்குப் பெரிய டிரம் இடப்பக்கம் இருந்தால்தான் கை ஓடும். ஜெர்மன், ஆஸ்திரிய மரபுப்படி இங்கே அதை வலப்பக்கம் வைத்திருந்தார்கள். உருட்டி இடம் மாற்றிக்கொண்டான். பேஸை அப்படியெல்லாம் உருட்டிச் சரிசெய்ய முடியாதே.

வாசிக்கப்போவதோ பிராம்ஸின் இரண்டாம் சிம்பொனி. 1877 டிசம்பர் 30 அன்று இதே ஊரில், மியூசிக்ஃபெரைன் அரங்கில், ஹான்ஸ் ரிக்டர் நடத்த முதன்முதலாக அரங்கேறியது. வேறு சிம்பொனி என்றால் வயலின் சத்தத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு தொடங்கலாம். இதில் முதல் ஒலியே செல்லோவும் பேஸும்தான்: டி, அதற்கு அரைச்சுரம் கீழே சி ஷார்ப், மறுபடி டி. பிறகுதான் ஹார்ன் என்ற பித்தளைக் குழல் வரும். அந்த மூன்று சுரங்களைக் கடைசிப் பகுதி வரை பிராம்ஸ் விடவே மாட்டார். டி பிரச்சினை இல்லை, விரல் வைக்காத திறந்த தந்தி, தானாக ஒலிக்கும். நடுவில் வரும் சி ஷார்ப்பை ஏ தந்தியில் விரல் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாயங்கால ஒத்திகையில், பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருக்க, கண்டக்டர் மூன்றாவது சுரத்தோடு நிறுத்தினார். "பேஸ், சி ஷார்ப்பில் சுருதி தாழ்வு." மறுபடி. மறுபடியும் தாழ்வு.

இடைவேளையில் வாடகைக்குக் கொடுத்தவரிடம் அனுமதி கேட்டு, பேஸின் கழுத்தோரத்தில் சி ஷார்ப்புக்கான இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். "இன்னும் தொடக்கநிலை கிரேடு ஒன்றா நீ?" என்று சிரித்தாள் என் ஸ்டாண்டில் கூட வாசிப்பவள். ஒத்திகை முடிந்து வில்லைத் தளர்த்திக்கொண்டே, அந்த சாக்பீஸ் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.